கூரையில் வட்டம் வெட்டிய வேன்

வாலாஜாபாத்தை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்திருந்த அலுமினியத் தட்டு வெயிலில் சுட ஆரம்பித்ததால், அதைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ஐயம்பேட்டையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. வயது பன்னிரண்டு. ஹாஸ்டலில் யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவும் இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே ரோடு தெரிந்தது, அவ்வளவுதான். காலைச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தட்டு கழுவப் போனார்கள். நானும் கழுவினேன். கழுவிய தட்டோடு அப்படியே கேட்டைத் தாண்டிவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும், அறுபதைத் தாண்டியிருப்பீர்கள். இப்போது கைபேசியைத் திறந்தாலே பழைய வண்டிகள் விற்பனைக்கு என்று படம் படமாக வருகிறது. கூரையை அறுத்த கார், வீடு மாதிரி ஜன்னல் வைத்த லாரி, பாதி பஸ்ஸும் பாதி டிராக்டருமாக ஒன்று. இளம்பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். நான் இவற்றின் மூதாதையர்களை அன்றைக்கு ஐயம்பேட்டை ரோட்டோரம் ஒரு காலி மனையில் பார்த்துவிட்டேன்.

முள்வேலி போட்ட மனை. உள்ளே ஏழெட்டு வண்டிகள், எதுவும் பிறந்த உருவத்தில் இல்லை. வேலிக்குப் பக்கத்தில் ஒரு அம்பாசடர், முன்சீட்டுக்குப் பின்னால் ரம்பம் வைத்து அறுத்து மரப்பெட்டி கோத்திருந்தார்கள். அறுத்தெடுத்த பின்பாதி வீணாகவில்லை. அதன் சீட்டில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டு, இந்த வண்டிகளை வாங்கி விற்கிற தரகர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பள்ளிக்காரர் விற்றுப்போட்ட ஜீப் ஒன்று, அதில் இரண்டு ஸ்டியரிங். ஒரு லாரிக்குள் சுவர் முழுக்க மர அலமாரி, யாரோ ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் விற்றவர் செய்தது.

"இன்னாடா, வாங்கப் போறியா, இல்ல பார்த்துக்கினே நிக்கப் போறியா?" என்றார் தரகர்.

"தண்ணி வேணும்."

"எந்த ஊரு?"

"செவிலிமேடு."

"அதுவரைக்கும் நடையா? அப்ப உனக்குத்தாண்டா மொதல்ல வண்டி வேணும்."

தண்ணீரும் ஒரு பன்னும் கொடுத்தார். தின்றுகொண்டே ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். அவரும் விரட்டவில்லை. இரட்டை ஸ்டியரிங் ஜீப்பில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "நீ இடது திருப்பு, நான் வலது திருப்பறேன், யாரு ஜெயிக்கறான்னு பாக்கலாம்" என்றார். ஐம்பது வயதுக்காரர். அவர்தான் ஜெயித்தார்.

கடைசியில் நின்றது ஒரு வேன். அதன் கூரையில் ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமாக வெட்டியிருந்தார்கள். வட்டத்தைச் சுற்றி முழங்கை உயரத்துக்கு இரும்புக் கம்பி வளையம். உள்ளே ஏறி நிற்க ஒரு இரும்புப் படி. வளையத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல்புகள், ஏறி நிற்பவரின் முகத்தைப் பார்த்தபடி. தேர்தலுக்காகச் செய்த வண்டி. தலைவர் படியில் ஏறித் தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டுக்கொண்டே போவார், இருட்டினாலும் முகம் தெரியும். தேர்தல் முடிந்ததும் தரகரிடம் வந்துவிட்டது.

நான் படியில் ஏறித் தலையை நீட்டினேன். ஐயம்பேட்டை முழுக்கத் தெரிந்த மாதிரி இருந்தது.

*

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடுத்தவர் லாரியில் டிரைவர். மகாராஷ்டிரா, குஜராத் என்று போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். வந்தால் மூன்று நாள் தூங்குவார். பிறகு மறுபடி போய்விடுவார். தங்கச்சி அவரைப் பார்த்தால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவள் பழகி முடிப்பதற்குள் அவர் கிளம்ப வேண்டியிருக்கும்.

அன்று மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா இருந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பெல்ட்டைத் தேடிச் சுவரில் கை வைத்தார்.

"நைனா, ஐயம்பேட்டையில ஒரு வேன் இருக்குது" என்றேன். "கூரையில பெரிய ஓட்டை."

"இன்னாது?"

"தலைவருங்க நின்னுக்கினு போவாங்களே, அது. விக்கறதுக்கு நிக்குது. டயரு நாலும் புதுசு."

பெல்ட்டிலிருந்து கை இறங்கியது. டயரைப் பற்றிக் கேட்டார். இஞ்சின் சத்தம் கேட்டாயா என்று கேட்டார். நான் கேட்காத சத்தத்தையெல்லாம் சொன்னேன். அம்மா வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொந்தமாக ஒரு வண்டி, செவிலிமேட்டுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் ஆள் ஏற்றலாம், ராத்திரி வீட்டில் படுக்கலாம் என்பது அவர்கள் இரண்டு பேரும் பல வருஷமாகப் பேசி வந்தது. அன்று அது தானாகவே பேச்சில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் மூன்று பேரும் போனோம். நைனா இஞ்சினில் காதை வைத்துக் கேட்டார். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அம்மா யாரும் கேட்காமலேயே கம்மலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

தரகர் கம்மலை வாங்கி வேட்டி முனையில் முடிந்துகொண்டு சொன்னார்: "ஒத்து வரலன்னா கொண்டாந்து வுடுப்பா. அம்மா கம்மல் அப்படியே இருக்கும். ஆனா ரெண்டு சங்கதி. பெயின்ட் வேணா அடிச்சிக்கோ, மத்தபடி வண்டி இப்ப இருக்கறா மாதிரியே வரணும். ஆனி கடைசி நாளு வெளக்கு வைக்கறதுக்குள்ள வரணும். ஆடி பொறந்துட்டா எவனும் வண்டி வாங்க மாட்டான், நானும் வாங்க மாட்டேன்."

*

வேனின் பக்கவாட்டில் கட்சியின் வண்ணக் கோடுகள் இருந்தன. நைனா வெள்ளைப் பெயின்ட் வாங்கி இரண்டு நாள் அடித்தார். காலையில் பார்த்தால் வெள்ளை வண்டிதான். வெயில் ஏற ஏற அடியிலிருந்து கோடுகள் மெல்ல எழும்பி வந்துவிடும்.

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முன்னால் நிறுத்தி நைனா கூப்பிடுவார். ஒரு பெரியவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு எடுத்தார். "ஏம்பா, இது அவங்க வண்டியாச்சே. நான் இதுல வந்து எறங்கினா எங்க ஆளுங்க இன்னா நெனைப்பாங்க?"

"கட்சியெல்லாம் இல்லீங்க, இப்ப இது என் வண்டி."

"அப்ப நீ அந்தக் கட்சியா?"

அந்தக் கட்சிக்காரர்கள் சந்தோஷமாக ஏறினார்கள். இறங்கும்போது, "நம்ம வண்டிக்கு நாமளே டிக்கெட் எடுக்கறதா, நல்லா இருக்குதே" என்று நைனாவின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

மழை வந்தால் வட்டம் வழியாக ஊற்றியது. வண்டிக்குள் ஒரு அம்மா குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே பேச்சுதான். "தகடு வெச்சு அந்த ஓட்டைய அடைப்பா." வண்டியை இருந்த மாதிரியே கொடுக்க வேண்டும் என்று தரகர் சொல்லியிருந்ததால் நைனா அடைக்கவில்லை. தார்ப்பாய் கட்டினார். காற்றில் அது படபடவென்று அடித்து, ஏறின நாலு பேரையும் பயமுறுத்தியது.

ஆனால் அந்த மூன்று வாரமும் நைனா வீட்டில் இருந்தார். தங்கச்சி மூன்றாவது நாளே அவர் மடியில் ஏறிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. செவிலிமேட்டுப் பக்கம் ரோட்டில் யாரும் இல்லை. நைனா வண்டியை மெதுவாக்கி, "ஏறி நில்லு மே" என்றார். அம்மா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு இரும்புப் படியில் ஏறினாள். நைனா பல்புகளைப் போட்டார். நான் உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். பல்பு வெளிச்சத்தில் அம்மாவின் முகவாயும், காதில் கம்மல் இருந்த இடத்தில் செருகியிருந்த வேப்பங்குச்சியும் தெரிந்தன. யாருமில்லாத வயல்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். "உங்க பொன்னான ஓட்டு" என்று நைனா கீழேயிருந்து குரல் கொடுத்தார். அம்மா சிரித்துக் காலை உதறியதில் அவர் தோளில் ஒரு உதை விழுந்தது.

அந்தப் பல்புகளில் ஒன்றைக் கழற்றிப் பல வருஷம் பையில் வைத்திருந்தேன். எந்த ஊரில் விட்டேன் என்று தெரியவில்லை.

*

ஆனி கடைசி நாள் காலையில் நைனா சீக்கிரமே குளித்தார். வண்டி ஓடி வந்த காசு டீசலுக்கு மட்டும்தான் சரியாக இருந்தது. லாரிக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். அம்மா என் துணிப்பையையும் தட்டையும் எடுத்து வேனில் வைத்தாள். ஒரே பயணம்தான். வண்டியை ஐயம்பேட்டையில் விட்டு, கம்மலை வாங்கி, என்னை வாலாஜாபாத் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். மறுநாள் நைனா லாரி ஏறிவிடுவார். தங்கச்சி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம்.

கடைசித் தடவை என்பதால் வழி முழுக்க நான் வட்டத்தில் தலையை நீட்டி நின்றேன். வழியில் டவுனுக்குள் நெசவாளர் தெருவோரம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க நைனா குழாயடியில் நிறுத்தினார். அப்போது எதிர் வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். நெற்றியில் நாமம், கழுத்தில் துண்டு. என்னையோ நைனாவையோ அவர் பார்க்கவில்லை. கூரை வளையத்தைப் பார்த்தார். கையை விரித்து முழம் போட்டார்.

"தம்பி, கொஞ்சம் கீழ எறங்கு" என்று உள்ளே ஏறி, தரையிலிருந்து வளையம் வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து அளந்தார். பிறகு நைனாவிடம் வந்து, "டிரைவரே, வாடகைக்கு வருமா?" என்றார்.

அவருக்கு அன்றைக்கே வீடு மாற்ற வேண்டும். செவிலிமேட்டில் புது வீட்டில் பால் காய்ச்சி, தறிக்குழியும் தோண்டியாகிவிட்டது. மறுநாள் ஆடி, ஆடியில் யாரும் வீடு மாற்றுவதில்லை. இருந்த வீட்டை மறுநாளே இடிக்கப் போகிறார்கள். சாமான்களெல்லாம் போய்விட்டன. தறி மட்டும் நின்றது, அதில் பாதி நெய்த கல்யாணப் புடவை. காலையில் வந்த மாட்டு வண்டிக்காரர் தறியைப் பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். பட்டுத்தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி. புடவையின் பூ, மயில் எல்லாவற்றையும் அதுதான் எழுப்புகிறது. பெட்டியிலிருந்து மழை இறங்குவது போல ஆயிரக்கணக்கான நூல்கள் கீழே தொங்கின. ஒவ்வொரு நூலின் அடியிலும் ஒரு மெல்லிய இரும்புக்குச்சி. பாவு என்கிற நீளவாட்டு இழைகள் அந்த நூல்களின் கண்ணுக்குள் நுழைந்து போயின.

"படுக்க வெச்சா எல்லாம் சிக்கிக்கும். பிரிச்சுக் கட்டி முடிக்கப் பத்து பதினஞ்சு நாளு. கல்யாணம் அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். "நட்டுக்க நின்ன மேனிக்கே கொண்டு போவணும். உன் வண்டியில பெட்டி மேல ஒக்காந்துக்கும், நூலு உள்ள தொங்கும். இந்த ஊருல வேற எந்த வண்டியிலயும் ஆவாது."

"எத்தினி நேரம் புடிக்கும்?" என்றார் நைனா.

"நடக்கற மாதிரி ஓட்டணும். சாயந்தரம் ஆயிடும்."

நைனா வெளியே வந்து சூரியனைப் பார்த்தார். சாயந்தரம் ஆனால் தரகரிடம் போக முடியாது. வண்டியும் திரும்பாது, கம்மலும் திரும்பாது. ஆடி முழுக்க இந்த வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. வேனின் கூரையை ஒரு முறை தடவினார். மூன்று வாரமாக ஊரே அடைக்கச் சொன்ன ஓட்டையை ஒரு மனுஷன் முழம் போட்டு அளந்திருக்கிறான்.

"சரி, ஏத்துங்க" என்றார்.

*

இரண்டு பக்கமும் பாவையும் நெய்த புடவையையும் சுருட்டிக் கட்டினார்கள். நாலு பேர் பெட்டியைத் தூக்க, நூல்களின் அடிப்பக்கத்தை ஒருவர் அணைத்துப் பிடிக்க வேண்டும். வண்டிக்குள் இரண்டு சுருட்டுக்கும் நடுவில் பெரியவர்கள் யாராலும் உட்கார முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தறிக்காரரின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "போய்க் கை கழுவினு வா" என்றாள்.

நைனாவின் முகம் மாறியது. நாங்கள் எந்தச் சாதி ஆட்கள் என்று அவர் அதுவரை சொல்லவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. கேட்காமலே தெரிந்துகொண்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். "வேற வண்டி பார்த்துக்கங்க" என்று சாவியை எடுத்தார். எங்கள் ஆட்கள் அதற்கு முன்னால் பட்டிருந்த பாட்டைப் பார்த்தால் அவர் அப்படி எடுத்துக்கொண்டதில் தப்பு சொல்ல முடியாது.

"இன்னா டிரைவரே, இன்னா ஆச்சு?" என்று திரும்பிய தறிக்காரரின் கை குழாயடியில் இருந்தது. சீயக்காய்த் தூள் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பெட்டி தூக்க வந்த மூன்று பேரும் துண்டை இடுப்பில் கட்டி வரிசையில் நின்றார்கள். அவள் புருஷனைப் பார்த்து, "நகத்துக்குள்ளயும்" என்றாள்.

நைனா சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு அவரும் போய் வரிசையில் நின்றார். ஸ்டியரிங் பிடிக்கிறவர் கழுவத் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை.

பெட்டி வட்டத்தின் மேல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இரும்பு வளையத்தோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நான் கீழே சம்மணமிட்டு அந்த இரும்புக்குச்சிகளை மொத்தமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வண்டி அசையும்போதெல்லாம் அவை என் நெஞ்சில் மோதிக் கிணுகிணுவென்றன. பட்டின் வாசனையும் கஞ்சியின் வாசனையும் டீசல் வாசனையோடு கலந்து வந்தன. எதிரில் அந்த அம்மாள் புடவைச் சுருட்டை முட்டி மேல் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் "மெல்லகா, மெல்லகா" என்றாள். அது நைனாவுக்கா எனக்கா வண்டிக்கா என்று தெரியவில்லை.

தறிக்காரர் முன்னால் நடந்தார். கையில் நீளக் கழி. கரண்டுக் கம்பியும் கடைகளின் துணித் தோரணமும் தாழ்ந்து வந்த இடத்திலெல்லாம் உலர்ந்த கழியால் தூக்கிப் பிடித்தார். பின்னால் டவுன் பஸ் ஒன்று மாட்டிக்கொண்டது. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அதன் டிரைவர் இறங்கி நடந்தே வந்தார்.

"இன்னாபா, தலைவரு உள்ள இருக்காரா?"

"இல்ல. தறி இருக்குது" என்றார் நைனா.

பஸ் டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நூல்களைப் பார்த்தார். "சரி, சரி, நிதானமா போ" என்று திரும்பிப் போனார். அதற்கப்புறம் ஹாரன் சத்தம் வரவில்லை. பஸ், அதன் பின்னால் இரண்டு மாட்டு வண்டி, சைக்கிள்கள். ஊர்வலம் மாதிரிதான் செவிலிமேடு போய்ச் சேர்ந்தோம்.

மூன்று இழை அறுந்திருந்தது. நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் தறிக்காரர் அவற்றை முடிந்துவிட்டார். பெட்டியை ஏற்றிக் கட்டி, பாவைப் பிரித்து நீட்டி, குழிக்குள் காலை விட்டு மிதித்தபோது மேலே பெட்டி தடக்கென்று எழுந்து இறங்கியது. ஒரு ஊடை இழையைக் குறுக்கே ஓட்டினார். இன்னொன்று. அந்த அம்மாள் விளக்கு ஏற்றினாள்.

ஐயம்பேட்டையிலும் அந்நேரம் விளக்கு வைத்திருப்பார்கள்.

"எங்க ஆளுங்க நாலு பேரு ஆவணியில வீடு மாத்தறாங்க" என்றார் தறிக்காரர் வாசல் வரைக்கும் வந்து. "உன்னத்தான் கூப்புடுவாங்க. எதையும் அடைச்சிக் கிடைச்சி வெச்சிடாத."

*

வேன் சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கச்சி நைனாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா என் துணிப்பையைப் பார்த்தாள், நைனாவின் வெறுங்கையைப் பார்த்தாள். நைனா நடந்ததைச் சொன்னார். காதிலிருந்த குச்சியைத் திருகிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "ஆவணின்னா இன்னும் ஒரு மாசம் இருக்குது" என்றாள்.

"இருக்குது."

"அதுவரைக்கும்?"

"லாரிக்காரரு காலையில ஆளு அனுப்புவாரு. ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

ஒரு நடை என்றால் ஒரு நடையாக இருக்காது. எங்கள் வீட்டில் தங்கச்சியைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். நைனா சாப்பிட்டுவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தார். உள்ளே விளக்கு போடவில்லை.

மறுநாள் ஆடி ஒன்று. விடிவதற்கு முன்னால் எழுந்து பஸ் நிலையம் வழியாக நடந்து அம்மன் கோயில் வாசலுக்குப் போனேன். ஆடி பிறந்தால் அங்கே கூட்டம் அலைமோதும், செருப்புப் பார்த்துக்கொள்கிற கடைக்காரருக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடி முழுக்க வீட்டுக்கு அரிசி வந்துவிட்டால், ஆவணி வரைக்கும் நைனா லாரி ஏற வேண்டியதில்லை. கடைக்காரர் கோணிகளை விரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் முப்பது நாற்பது ஜோடி வந்து குவிந்திருந்தன.

"ஹாஸ்டலு, இஸ்கூலு எதுவும் இல்லியா உனக்கு?"

"இல்லண்ணா."

"டெய்லி அரிசியும் கொடுத்துடறேன், காசும் கொடுத்துடறேன். பாதியில ஓடிடக் கூடாது. எத்தினி நாளு வருவ?"

"ஆடி முடியற வரைக்கும்" என்றேன்.

அவர் தகர டோக்கன்கள் கோத்த கம்பியை என் கையில் கொடுத்தார். ஒரு குடும்பம் வந்து நின்றது, அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். நான்கு ஜோடியையும் சேர்த்துக் கட்டி ஒரே டோக்கனில் போட்டேன்.